பெயர்த்தகடும் பெயரின்மையும்: இரயில்வே அருங்காட்சியகங்கள் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இரயில்வே அருங்காட்சியகங்களின் சிறப்பு பெரும்பாலும் அங்குள்ள எஞ்சின்களின் பழமை, வேகம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே கணிக்கப்படுகிறது. இவ்வளவுகோல் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எஞ்சினுக்குப் பெயரும் எண்ணும் தந்து காக்கும் ஓர் அருங்காட்சியகம், அந்த எஞ்சினை இயக்கியவர்களையும் அதற்குப் பாதை அமைத்தவர்களையும் அதில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களையும் எவ்வாறு பதிவு செய்கிறது என்ற வினாவை முன்வைத்து, தில்லி–ரேவாரி, யார்க், நியூரம்பெர்க், சேக்ரமென்டோ, காஞ்சனபுரி ஆகிய இடங்களின் காட்சியகங்கள் இங்கு ஒப்பிடப்படுகின்றன. பெயர்கள் கிடைக்காத இடத்தில் அந்த இழப்பையே காட்சிப்பொருளாக்குவது அருங்காட்சியகத்தின் கடமை என்ற முடிவு எட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரயில்வே அருங்காட்சியகம், நீராவி எஞ்சின், உழைப்பு வரலாறு, சயாம்–பர்மா இருப்புப்பாதை, நடுகல், நினைவாக்கம்.

முன்னுரை

நீராவி எஞ்சினின் புறத்தே பொதுவாக இருவகைத் தகடுகளைக் காணலாம். ஒன்று தயாரிப்பாளர் தகடு. அதில் தொழிற்சாலையின் பெயர், வரிசை எண், ஆண்டு ஆகியவை இருக்கும். மற்றொன்று, எஞ்சினுக்கு உரிமையுடைய நிறுவனம் அதற்கு வழங்கிய எண்ணையோ பெயரையோ தாங்கியது. இவ்விரு தகடுகளும் எஞ்சினின் பிறப்பையும் உடைமையையும் சொல்லிவிடுகின்றன. அதன் எரிபெட்டியில் கரி அள்ளிப் போட்டவரையோ, அது ஓடுவதற்காக மலையைக் குடைந்தவரையோ சொல்லும் மூன்றாவது தகடு அதில் இல்லை. அதனை எழுதும் வாய்ப்பு, எஞ்சின் ஓய்வு பெற்று வந்து சேரும் அருங்காட்சியகத்திற்கே உண்டு.

அருங்காட்சியகத்தைப் பனுவலாகக் கொண்டு வாசிக்கும் முறை இன்று பண்பாட்டு ஆய்வில் நன்கு நிலைபெற்றுள்ளது. எப்பொருள் நடுவில் வைக்கப்படுகிறது, எது சுவரோரம் ஒதுக்கப்படுகிறது, விளக்கப்பலகையில் எவ்வினைக்கு யார் எழுவாய் ஆகிறார் என்பன அப்பனுவலின் இலக்கணக் கூறுகள். ‘பாதை அமைக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினை இரயில்வே அருங்காட்சியகங்களில் மிகப் பரவலாக வழங்குவது. அமைத்தவர் யார் என்று கேட்பதே திறனாய்வின் தொடக்கம். அவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகளைத் தரும் ஐந்து களங்கள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. தில்லியும் ரேவாரியும்: எஞ்சின் பெயர் பெறுதல்

புதுதில்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய இரயில் அருங்காட்சியகம் 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டது. திறந்தவெளியில் எஞ்சின்களும் பெட்டிகளும் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் இவ்வளாகத்தில் அரச குடும்பத்தினருக்கெனக் கட்டப்பட்ட சலூன் பெட்டிகள் தனிக்கவனம் பெறுகின்றன. வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக 1875இல் உருவாக்கப்பட்ட பெட்டியும், மைசூர் மகாராஜாவின் 1899ஆம் ஆண்டுப் பெட்டியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இப்பெட்டிகள் பயணம் செய்தவரின் பெயராலேயே அறியப்படுகின்றன. பயணியின் பெயர் பெட்டிக்குப் பெயராவது அரசருக்கு மட்டுமே வாய்த்த பேறு.

இதே வளாகத்திலுள்ள பட்டியாலா அரசின் ஒற்றைத் தண்டவாள வண்டி வேறொரு வாசிப்பைக் கோருகிறது. 1907இல் தொடங்கி 1927 வரை இயங்கிய இவ்வமைப்பில் பளுவின் பெரும்பகுதியைத் தரையிலுள்ள ஒரே தண்டவாளம் தாங்கியது. எஞ்சிய சிறுபகுதியைச் சாலைமீது உருளும் பக்கச்சக்கரம் தாங்கிச் சமநிலை காத்தது. பட்டியாலா அரசின் பராமரிப்பில் இருந்த கோவேறு கழுதைகளைப் பயன்படுத்திக்கொள்ளும் நோக்கமும் இவ்வமைப்பைத் தேர்ந்ததற்குப் பின்னணியாக இருந்தது. பின்னரே பெர்லினைச் சேர்ந்த ஓரன்ஸ்டைன் & கோப்பல் நிறுவனத்திடமிருந்து நீராவி எஞ்சின்கள் வாங்கப்பட்டன. ஆகவே இப்பொறியமைப்பின் வடிவத்தை, அதனை இழுத்த உழைப்பின் தன்மையை விட்டுவிட்டு முழுமையாக விளக்க இயலாது. உழைப்பு தொழில்நுட்பத்தின் காரணக்கூறுகளுள் ஒன்று என்பதற்கு இந்த வண்டியே சான்று.

‘ஃபேரி குயீன்’ எஞ்சினின் வரலாறு பெயர்பற்றிய இவ்வாய்விற்கு மையமானது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் நிறுவனத்தாரால் 1855இல் தயாரிக்கப்பட்டு, கிழக்கிந்திய இரயில்வேயில் 22 என்னும் எண்ணோடு பணிபுரிந்த இந்த எஞ்சின், 1895இல்தான் இப்பெயரைப் பெற்றது. நாற்பதாண்டுக் காலம் அது வெறும் எண்ணாகவே இருந்தது. பெயர் வந்தபின் அதற்கு ஒரு வாழ்க்கை வரலாறும் வந்தது. 1997இல் மீண்டும் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1998இல் வழக்கமான சேவையிலுள்ள மிகப் பழைய நீராவி எஞ்சினாகக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டில் அதே தொழிற்சாலையில் பிறந்த 21ஆம் எண் எஞ்சின், நெடுங்காலம் காட்சிப்பொருளாக நின்றபின், சென்னைப் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்களின் கைத்திறனால் 2010இல் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. தேய்ந்தும் காணாமலும் போன உறுப்புகளை அளந்து, வார்த்து, பொருத்தி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பொறியை மீட்டெடுத்த அப்பணி எவ்வகையிலும் எளியதன்று. எனினும் அதுபற்றிய செய்திகளில் பணிமனையின் பெயரே நிலைத்தது.

அரியானா மாநிலம் ரேவாரியில் உள்ள நீராவி எஞ்சின் காட்சியகம் இக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது. 1893இல் அமைந்த லோகோ ஷெட்டே அங்கு அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளது. எஞ்சின்கள் இயங்கும் நிலையில் பராமரிக்கப்படுவதால், குளிர்ந்து கிடக்கும் கொதிகலனைப் பல மணி நேரம் சூடேற்றி அழுத்தம் பெறச் செய்யும் தொழில் அங்கு இன்னும் உயிருடன் உள்ளது. எஞ்சின் ஓட வேண்டுமானால் அதனை ஓட்டத் தெரிந்தவர் இருந்தாக வேண்டும். நின்றுவிட்ட எஞ்சினுக்கு வண்ணம் பூசுவோர் போதும். தில்லிக்கும் ரேவாரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

2. யார்க்: எஞ்சினைத் திறந்து காட்டுதல்

இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள தேசிய இரயில்வே அருங்காட்சியகம் 1975இல் திறக்கப்பட்டது. அதன் பெருமண்டபம் முன்பு எஞ்சின் கொட்டகையாக இருந்தது. நடுவிலுள்ள சுழல்மேடையைச் சுற்றி எஞ்சின்கள் நிறுத்தப்பட்டிருப்பது அழகுக்கான ஏற்பாடு மட்டுமன்று. அவ்விடத்தின் பழைய பணிமுறையே காட்சிமுறையாகத் தொடர்கிறது. இங்கிலாந்தில் 1935இல் தயாரிக்கப்பட்டுச் சீனாவில் ஓடித் திரும்பிய பேருருவ எஞ்சினும், சப்பானிய ஷிங்கான்சென் தொடரின் முதல் தலைமுறை வண்டியும் இங்குள்ளன.

இவ்வருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருள் ‘மல்லார்ட்’. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த இந்த எஞ்சின் 1938 சூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி நீராவி எஞ்சின்களுக்கான உலகச் சாதனையை நிகழ்த்தியது. எஞ்சினின் பக்கத்தில் பின்னாளில் பொருத்தப்பட்ட நினைவுத்தகட்டில் எஞ்சினின் சாதனையே பேசப்படுகிறது. ஆயினும் அன்று ஓட்டுநராக இருந்தவர் ஜோ டடிங்டன், ஃபயர்மேனாக இருந்தவர் டாமி பிரே என்பது வரலாற்றில் தவறாது பதிவாகியுள்ளது. கரியைக் கையால் அள்ளிப் போட்டு அந்த வேகத்திற்கு ஆவி கொடுத்தவரின் பெயர் வடிவமைப்பாளரின் பெயரோடு நிலைத்திருப்பது அரிது. உலகச் சாதனை நிகழ்ந்த நாள் என்பதாலேயே அப்பெயர் தப்பியது. அதற்கு முன்னும் பின்னும் அதே எரிபெட்டிமுன் நின்ற மற்றவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

எனவே யார்க்கின் உண்மையான சிறப்பை மல்லார்டைக் காட்டிலும் ‘எல்லர்மன் லைன்ஸ்’ என்னும் எஞ்சினில் காண்பதே பொருந்தும். அதன் ஒரு பக்கம் நெடுக வெட்டித் திறக்கப்பட்டுள்ளது. எரிபெட்டியிலிருந்து வெப்பம் குழாய்கள் வழியே செல்வதும், நீர் ஆவியாகி உருளையை அடைவதும், உந்துதண்டு சக்கரத்தைத் திருப்புவதும் ஒரே பார்வையில் விளங்குகின்றன. தொழில்நுட்பம் அறியாத பார்வையாளரும் அந்த எரிபெட்டியின் பரப்பைக் கண்டவுடன், அதனை நிரப்பிக்கொண்டே இருந்தவரின் முதுகையும் தோளையும் எண்ணிப் பார்க்க நேர்கிறது. பெயர் சொல்லாமலே உழைப்பின் அளவை உணர்த்தும் காட்சிமுறை இது.

3. நியூரம்பெர்க்: நிறுவனம் தன்னையே வினவுதல்

செருமனியின் முதல் நீராவி இருப்புப்பாதை 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கிற்கும் ஃபியூர்த்திற்கும் இடையே தொடங்கியது. ஸ்டீபன்சன் தொழிற்சாலையில் உருவான ‘ஆட்லர்’ எஞ்சின் அதில் ஓடியது. அதனை ஓட்டியவர் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் வில்சன். நியூரம்பெர்க்கின் இரயில்வே அருங்காட்சியகம் 1899இல் தோன்றிய தொன்மையுடையது. இன்று செருமன் இரயில்வே நிறுவனத்தின் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இங்குள்ள ஆட்லர் மூல எஞ்சின் அன்று. மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விற்கப்பட்டுவிட்டது. இப்போதுள்ளது 1935ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவிற்காக நாஜி ஆட்சிக்காலத்தில் செய்யப்பட்ட பிரதி. அதுவும் 2005இல் ஏற்பட்ட தீவிபத்தில் சிதைந்து, 2007இல் மீண்டும் சீரமைக்கப்பட்டது. தேசியப் பெருமிதத்திற்காக உருவாக்கப்பட்ட ஒரு பிரதியே முதன்மைக் காட்சிப்பொருளாக இருக்கையில், அது எந்த ஆட்சியின் விழாவிற்காகச் செய்யப்பட்டது என்ற வினா தவிர்க்க முடியாததாகிறது.

இவ்வருங்காட்சியகம் அவ்வினாவைத் தவிர்க்கவில்லை என்பதே அதன் சிறப்பு. 1920 முதல் 1945 வரையிலான அரசு இரயில்வேயின் வரலாற்றிற்கென அங்குத் தனிப்பகுதி உண்டு. யூதர்களையும் பிறரையும் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்றதில் இரயில்வேயின் பங்கு அதில் காட்சிப்படுத்தப்படுகிறது. அந்தப் பயணங்களுக்குக் கட்டணம் கணக்கிடப்பட்டதை வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பெர்க் தம் ஆய்வுகளில் நிறுவியுள்ளார். பெரியோருக்கு மூன்றாம் வகுப்பில் ஒருவழிக் கட்டணம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி. நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. காவலர்களுக்கு மட்டும் திரும்பும் பயணத்திற்கும் சேர்த்துக் கணக்கு. இவ்வேடுகளில் மனிதர் தலையெண்ணாகவும் தொலைவாகவும் தொகையாகவும் பதிவாகினர். கணக்கில் வருவதும் பெயர் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் கொடிய சான்று இல்லை.

இரயில்வே வரலாற்றை முன்னேற்றத்தின் வரலாறாக மட்டுமே எழுதிச் செல்வது ஒரு நிறுவனத்திற்கு எளிது. தன் முன்னோடி நிறுவனம் செய்த குற்றத்தைத் தன் கூரையின்கீழேயே வைப்பது கடினம். அதனைச் செய்த அருங்காட்சியகம், ‘வண்டிகள் இயக்கப்பட்டன’ என்னும் செயப்பாட்டுவினைக்கு எழுவாயை மீட்டளித்துள்ளது.

4. சேக்ரமென்டோ: சம்பளப் பட்டியலில் ஒரு வெற்றிடம்

அமெரிக்காவின் கண்டம் கடந்த முதல் இருப்புப்பாதை 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரியில் இணைந்தது. அதன் மேற்குப் பகுதியைச் சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ நகரிலிருந்து அமைத்தது. அந்நகரிலேயே அமைந்த கலிபோர்னிய மாநில இரயில்வே அருங்காட்சியகத்தில் தாமஸ் ஹில் 1881இல் வரைந்து முடித்த ‘கடைசி ஆணி’ என்னும் பேரோவியம் உள்ளது. இணைப்பு விழாவைச் சித்திரிக்கும் அப்படத்தில் அடையாளம் காணத்தக்கவாறு வரையப்பட்டோர் 71 பேர். விழா நடக்கும்போது மறைந்து ஐந்தாண்டுக்கும் மேலாகியிருந்த பொறியாளர் தியடோர் ஜூடாவும் அவர்களுள் ஒருவர். இறந்தவருக்கும் இடமளித்த அப்படத்தின் நடுவிடம், சியரா நெவாடாவின் கருங்கல்லைக் குடைந்து சுரங்கம் அமைத்த பல்லாயிரம் சீனத் தொழிலாளர்களுக்கு உரியதாகவில்லை.

அருங்காட்சியகத்தின் நூலகத்திலுள்ள சென்ட்ரல் பசிபிக் சம்பளப் பட்டியல்கள் இவ்விலக்கலின் பொறிமுறையை வெளிப்படுத்துகின்றன. சீனத் தொழிலாளர்கள் பெரும்பாலும் குழுக்களாகவே பதிவு செய்யப்பட்டனர். குழுத்தலைவரின் அல்லது ஒப்பந்தக்காரரின் பெயர் எழுதப்பட்டது. அவர்கீழ் உழைத்தவர்கள் ஆள்நாள் எண்ணிக்கையாக மட்டும் நின்றனர். தமிழ் ஆய்வாளர்க்கு இம்முறை புதியதன்று. இலங்கை, மலாயா தோட்டங்களின் கங்காணி முறையை இது நினைவூட்டுகிறது. நிருவாகம் கங்காணியோடு பேசியது. கூலியாள் கங்காணியின் ஆளாகவே ஏட்டில் இடம்பெற்றார்.

இருப்புப்பாதை இணைப்பின் 150ஆம் ஆண்டான 2019இல் சீனத் தொழிலாளர்களின் வாழ்வனுபவத்தை மையமாகக் கொண்ட காட்சிப்பகுதி இவ்வருங்காட்சியகத்தில் அமைந்தது. அத்தொழிலாளருள் ஒருவர்கூடத் தம் கைப்பட எழுதிய கடிதமோ குறிப்போ ஆய்வாளர்களின் நீண்ட தேடலுக்குப் பின்னும் கிடைக்கவில்லை என்பது அறியப்பட்டதே. மூலச்சான்று இன்மை மௌனத்திற்குக் காரணமாகக் கூறப்படுவது வழக்கம். அவ்வின்மை எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதற்கோ மூலச்சான்று உண்டு: அதுவே சம்பளப் பட்டியல். ஓவியத்தையும் பட்டியலையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது, பெயர் பெற்றோரும் பெயர் இழந்தோரும் ஒரே நிறுவனத்தின் இரு ஆவணங்களில் வெளிப்படுகின்றனர்.

5. காஞ்சனபுரி: கல்லறையும் நடுகல்லும்

சேக்ரமென்டோவின் சம்பளப் பட்டியலில் குழுத்தலைவர் பெயரேனும் எஞ்சியது. தமிழர்கள் பெருந்தொகையாக மாண்ட ஓர் இருப்புப்பாதையில் அதுவும் எஞ்சவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியப் படை சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைத்தது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என்றும், அவர்களுள் மாண்டோர் 90,000 அளவினர் என்றும் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் இவர்களுள் பெரும்பிரிவினர். 1943இன் வாந்திபேதி முகாம் முகாமாக அவர்களை அழித்தது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 2003இல் திறக்கப்பட்ட தாய்லாந்து–பர்மா இரயில்வே மையம் இவ்வரலாற்றை வரைபடங்கள், மாதிரிகள், அகழ்ந்தெடுத்த பொருள்கள் ஆகியவற்றால் விளக்குகிறது. எஞ்சினின் பெருமையைவிடப் பாதை அமைந்த விதமே இங்கு முதன்மை பெறுவதால், இரயில்வே அருங்காட்சியகங்களுள் இது தனித்து நிற்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் இறப்பையும் மையம் பேசுகிறது. ஆயினும் அதனை ஒட்டியுள்ள போர்க் கல்லறைத் தோட்டம் வேறொன்றைக் காட்டுகிறது. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் அங்கு வரிசையாக உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பேரன் தன் பாட்டனைத் தேடி வந்தால் கல்லைத் தொட்டுத் திரும்பலாம். மலாயாத் தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கு அத்தகைய கல் இல்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இறப்பின் தன்மையன்று, பதிவின் தன்மையே. போர்க்கைதிகள் இறுதிவரை படையமைப்பாகவே இருந்தனர். தங்களுக்குள் இறந்தோரின் பட்டியலை மறைவாகவேனும் காத்தனர். போருக்குப்பின் அவர்களைத் தேட அரசுகள் இருந்தன. தோட்டத் தொழிலாளர்க்கு இம்மூன்றுமே வாய்க்கவில்லை. அவர்களின் கதை மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழியிலும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்களிலுமே நெடுங்காலம் தங்கியிருந்தது. அருங்காட்சியகம் தர இயலாத பெயர்களைப் புனைவு தர வேண்டியதாயிற்று.

2023இல் காஞ்சனபுரியில் இத்தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நடுதலின் படிநிலைகளைக் கூறுகிறது. தமிழ் நடுகற்கள் பலவும் வீழ்ந்தவன் இன்னான், இவ்வூரான், இன்ன பூசலில் பட்டான் என்று தனியொருவனைச் சுட்டுவன. காஞ்சனபுரி நடுகல்லோ பெயர் அறியப்படாத பல்லாயிரவருக்காக நிற்கிறது. தனிமனிதனைப் பெயர் சொல்லி நிறுத்தப் பிறந்த ஒரு வடிவம், பெயரின்மையின் சின்னமாக மாறியுள்ளது. வடிவம் பொருந்துகிறது என்பதைவிட, பொருந்தாமல் எஞ்சும் இடமே இங்குப் பொருளுடையது. அக்கல்லின்முன் நிற்பவர் எழுதப்படாத பெயர்களையே வாசிக்கிறார்.

6. இரு மறுப்புகள்

இவ்வளவுகோலை இருவகையில் மறுக்கலாம். இரயில்வே அருங்காட்சியகம் தொழில்நுட்ப வரலாற்றிற்கானது. தொழிலாளர் வரலாறு வேறு துறையின் பணி என்பது முதல் மறுப்பு. பட்டியாலா வண்டியும் எல்லர்மன் லைன்ஸின் எரிபெட்டியும் இதற்கு விடை தருகின்றன. உழைப்பை நீக்கிவிட்டால் அவ்விரண்டின் பொறியியலும் குறைபட்ட விளக்கமாகவே நிற்கும்.

பெயர்கள் அழிந்துவிட்ட நிலையில் அருங்காட்சியகம் எதைத்தான் காட்ட முடியும் என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது. பெயர்ச்சுவர் ஒன்றை எழுப்பிவிடுவதும் தீர்வாகாது. செய்த வேலையோடு இணையாத பெயர் வெறும் அலங்காரமாகிவிடும். சேக்ரமென்டோ காட்டும் வழி வேறு. பெயரை நீக்கிய ஏட்டையே கண்ணாடிப்பேழையில் வைக்கலாம். குழுத்தலைவர் பெயருக்கு எதிரே எண்ணாக நிற்கும் மனிதர்களை எண்ணாகவே காட்டி, அவ்வெண் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை விளக்கலாம். இழப்பை மறைப்பதைவிட இழப்பின் முறையைக் காட்டுவது நேர்மையானது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன. ரேவாரி தொழிலை இயங்கும் நிலையில் காக்கிறது. யார்க் எஞ்சினைத் திறந்து உழைப்பின் அளவை உணர்த்துகிறது. நியூரம்பெர்க் நிறுவனத்தின் குற்றத்திற்கு எழுவாய் தருகிறது. சேக்ரமென்டோவின் ஏடுகள் பெயர் நீக்கப்பட்ட முறையைக் காட்டுகின்றன. காஞ்சனபுரியில் கல்லறைக்கும் நடுகல்லுக்கும் இடைப்பட்ட தொலைவே வரலாறாகிறது. காணத்தக்க அருங்காட்சியகம் என்னும் தகுதியை இவை பெறுவது எஞ்சின்களின் பழமையால் மட்டுமன்று.

தமிழகச் சூழலுக்கு இதில் உடனடிப் பொருள் உண்டு. சென்னை ஐ.சி.எஃப். வளாகத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் இரயில்வே காட்சியகங்கள் உள்ளன. நீராவி எஞ்சினில் கரி அள்ளிய ஃபயர்மேன்கள், தண்டவாளம் காத்த கேங்மேன்கள், பணிமனைக் கலாசிகள் ஆகியோருள் வாழ்வோர் இன்று முதுமை எய்திவிட்டனர். இவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் பணிப்பதிவேடுகளைக் காப்பதும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி. சீனத் தொழிலாளர்க்கும் தோட்டத் தமிழர்க்கும் காலம் கடந்துவிட்டது; இவர்களுக்கு இன்னும் கடக்கவில்லை. மூன்றாவது தகட்டில் எழுதுவதற்கான பெயர்கள் இப்போது கேட்டால் கிடைக்கும்.